வெளுத்துப்போன ஆரஞ்சுக் குடுவை

அத்தியாயம் 5

ஐந்து மாடி ஏறி முடிப்பதற்குள் கொழுந்தன் மூன்று முறை நின்றான். முதல் தடவை மூச்சு வாங்க. இரண்டாவது தடவை, லிஃப்ட் கதவில் ஒட்டியிருந்த 'பழுது' என்ற காகிதத்தைத் திட்ட. மூன்றாவது தடவை எதற்கென்று அவனுக்கே தெரியவில்லை. கால்கள் தாமாகவே முடிவெடுத்துவிட்டன.

"கடல் ஆராய்ச்சியைக் கடல் மட்டத்துல வச்சுக்கக் கூடாதா அண்ணி? அஞ்சாவது மாடியில மீன் என்ன ரெக்கை கட்டிக்கிட்டா வருது?"

அண்ணி படிகளை எண்ணிக்கொண்டே ஏறுகிறவள்; நடுவில் பேசினால் எண்ணிக்கை தப்பிவிடும். தொண்ணூற்றெட்டு. எதற்கு எண்ணுகிறாள் என்று கேட்டால், "கேக்கறவங்களுக்குச் சொல்றதுக்கு" என்பாள். இதுவரை யாரும் கேட்டதில்லை.

சாவி நகல் எடுக்கும் கடைக்கு மேலே ஒற்றை அறை ஆபீஸ் போட்டு, துப்பறிகிறேன் என்று அண்ணி கிளம்பியபோது குடும்பமே வாயில் கை வைத்தது. வாய் நீளத்தால் மூன்று வேலையை இழந்திருந்த கொழுந்தன் மட்டும், "நான் வேணா பை தூக்கறேன் அண்ணி" என்று ஒட்டிக்கொண்டான். அது ஆயிற்று ஆறு கேஸ். ஆறிலும் ஜெயம். பை தூக்கியதில் தனக்கும் பாதிப் பங்கு உண்டென்று அவன் கண்ணில் படுகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

இது ஏழாவது.

புரொபசரின் அறைக்குள் நுழைந்ததும் கொழுந்தனுக்கு ஏதோ உறுத்தியது. அறையில் எல்லாமே அம்மணமாக இருந்தன. தண்ணீர் பாட்டிலில் லேபிள் இல்லை. புத்தகங்களில் மேலட்டை இல்லை. பேனாவில் கம்பெனி பெயரைச் சுரண்டி எடுத்த தடம் இருந்தது. புரொபசரும் பேச்சுக்கு நடுவே ஒரு மிட்டாயின் வெள்ளித்தாளைப் பிரித்தார். மிட்டாயை வாய்க்கு அனுப்பிவிட்டு, தாளை மேசை மேல் இருந்த எலுமிச்சை அளவு வெள்ளி உருண்டையோடு சேர்த்து அமுக்கினார். மனிதருக்கு எதையாவது உரித்துக்கொண்டே இருக்கவேண்டும். பாவம், அது ஒரு வியாதி. வேலை எதுவும் செய்யாத விரல்களுக்குத்தான் அது வரும் என்று தோன்றியது கொழுந்தனுக்கு. நல்ல வேளையாக அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

"பாருங்க!" புரொபசர் ஜன்னலைக் காட்டினார். சுளீரென்று வெயில் விழும் ஜன்னல் திட்டில் ஒரு கண்ணாடிக் குடுவை இருந்தது. உள்ளே பாத்திரம் கழுவின தண்ணீர் மாதிரி ஒரு கலங்கல். பக்கத்தில் தண்ணீர் போல ஏதோ வைத்த ஒரு குட்டிப் பாட்டில், ஒரு பேனா, உரித்த லேபிள் ஒன்று.

"கடல்ல கொஞ்சம் ஆழத்துல வாழற பாக்டீரியா ஒண்ணு. அதுக்கு வெளிச்சத்தைப் பிடிச்சு சக்தியா மாத்தற ஒரு புரதம் இருக்கு. அந்தப் புரதம் செய்யற வித்தையை லேப்ல வளர்ற சாதாரண பாக்டீரியாவுக்குக் கத்துக் கொடுத்தோம். ஃப்ரீசர்ல ஒரே ஒரு டியூப். வெள்ளிக்கிழமை அதுலேர்ந்து நானே சுரண்டி எடுத்து வளர்த்தேன். ஆரஞ்சு நிறத்துல ஜொலிச்சிருக்கணும். நேத்து விருந்தாளிங்க பதினோரு பேர் வந்து நின்னாங்க. இந்த அழுக்குத் தண்ணியைக் காட்டினேன்."

"என்ன சொன்னாங்க?" என்று அண்ணி கேட்டாள்.

"ரொம்ப நல்லா இருக்குன்னாங்க." புரொபசரின் குரல் உடைந்தது. "அதைவிட அவமானம் வேற என்ன இருக்கு? டியூப்பை யாரோ மாத்திட்டாங்க மேடம். அசலை எடுத்துக்கிட்டு சாதாரணத்தை வச்சிட்டாங்க. யாருன்னும் எனக்குத் தெரியும். என் ஆராய்ச்சி மாணவி. அவ வீட்டுக்காரன் எதிர் கட்டடத்துல, எங்களுக்குப் போட்டி லேப்ல வேலை பாக்கறான். அங்க ஜன்னலைப் பாருங்க."

தெருவுக்கு அந்தப் பக்கம், அதே உயரத்தில் ஒரு ஜன்னல். அதில் ஒரு குடுவை. நல்ல ரோஸ் நிறம்.

"நீங்க ஆரஞ்சுன்னீங்க. அது ரோஸா இருக்கே?"

"இவ்வளவு தூரத்துல ஆரஞ்சாவது ரோஸாவது? கிட்டப் போய்ப் பாருங்க. மூணு மணிக்குப் பதிவாளர் அம்மா வராங்க, அந்தப் பொண்ணோட பேரை அடிக்கற படிவத்தோட. அதுக்குள்ள எனக்கு ஆதாரம் வேணும்."

மணி பதினொன்று பத்து.

மாணவி பக்கத்து ஆய்வுக்கூடத்தில் ஒரு உயரமான ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். எதையும் தொடக் கூடாது என்று உத்தரவு. ஆகவே இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்திருந்தாள். அக்காவின் பிரசவத்துக்கு ஒரு வாரம் லீவில் போய்விட்டு அன்று காலையில்தான் வந்திருக்கிறாள். வந்ததும் கிடைத்தது இந்த வரவேற்பு.

"நாலு வருஷம் மேடம்," என்றாள். "பேரை அடிச்சுட்டா வேற எங்கயும் சேர முடியாது. திருடின்னு எழுதின காகிதத்தோட யாரு சேத்துப்பா?"

"அழாதம்மா. அந்தப் பொருளுக்குப் பேர் என்ன?"

"புரோட்டியோரோடாப்சின்."

"எம்மாடி," என்றான் கொழுந்தன். "கூப்பிட்டு முடிக்கறதுக்குள்ள அது பேரன் பேத்தி எடுத்திடுமே!"

அழுகைக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நிஜமாவே எடுத்திடும் சார். அதைச் சுமக்கற லேப் பாக்டீரியாவுக்கு இருபது நிமிஷத்துக்கு ஒரு தலைமுறை." கையை விடுவித்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "கடல்ல இருக்கற அசல் பாக்டீரியாவுக்குச் சாப்பாடு கிடைக்கறதே அபூர்வம். பட்டினி கிடக்கற நேரத்துல வெயிலைத் தின்னு உயிரைப் பிடிச்சுக்கும். ஊர்ல யாரும் இதைக் கண்டுக்கவே இல்ல, சமீபம் வரைக்கும்."

"வாடகைக்குக் குடியிருக்கறவன் மாதிரி," என்றான் கொழுந்தன். "இருக்கறதே தெரியாது."

அண்ணி அவனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மாணவியிடம் திரும்பி, சாதாரணமாகக் கேட்டாள். "இந்த லேப்லேர்ந்து எதிர் லேப்புக்கு ஏதாவது போயிருக்கா?"

"இல்ல மேடம்."

கேள்வி முடிவதற்கு முன்பே பதில் வந்துவிட்டது. அடையாள அட்டையின் கயிறு அவள் விரலில் மூன்று சுற்று சுற்றிக்கொண்டது. அவள் தலைக்கு மேலே சுவரில் பெரிய எழுத்தில் அறிவிப்பு: 'இங்கிருந்து ஒரு ஊசிகூட வெளியே போகக் கூடாது.'

படி இறங்கும்போது கொழுந்தன் சொன்னான். "பொய் சொல்றா அண்ணி."

"சொல்றா. ஆனா அழுதப்ப சொல்லல."

எதிர் கட்டடத்தில் லிஃப்ட் வேலை செய்தது. இதனாலேயே இவர்கள் நிரபராதிகள் என்று கொழுந்தன் தீர்ப்பு சொன்னான்.

மாணவியின் வீட்டுக்காரர் ஒல்லியாக, உயரமாக, கதவு நிலை ஒவ்வொன்றிலும் தலையை இடித்துப் பழகியவர் மாதிரி குனிந்தே நின்றார். அண்ணி வந்த காரணத்தைச் சொன்னதும் அவர் முதலில் செய்த காரியம், பின்னால் இருந்த ஃப்ரீசர் கதவின் மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டதுதான்.

"அந்த ஜன்னல் குடுவை எங்களோடதுதான் மேடம். அதுல ஒளிக்கறதுக்கு எதுவும் இல்ல."

"எதுல இருக்கு?" என்றான் கொழுந்தன்.

வீட்டுக்காரர் காதில் விழாதவராக ரோஸ் குடுவையைத் தூக்கி வந்தார். "இது மேல் தண்ணில வாழற பாக்டீரியாவோட புரதம். கடல் மட்டத்துக்குப் பக்கத்துல பச்சை வெளிச்சம் நிறைய இருக்கும். இது அந்தப் பச்சையைச் சாப்பிட்டுடும். சாப்பிட்டது போக மிச்சம் விடறதுதான் நம்ம கண்ணுக்குத் தெரியுது, அதான் ரோஸ். ஆழத்துக்குப் போகப் போக நீலம் மட்டுந்தான் போய்ச் சேரும். அங்க இருக்கறது நீலத்தைச் சாப்பிடும். அது ஆரஞ்சாத் தெரியும். அவங்களோடது அந்த வகை. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சா கொழந்தைகூடச் சொல்லிடும்."

"அதாவது எச்சில் தட்டைப் பாத்து யார் வீட்டுச் சாப்பாடுன்னு கண்டுபிடிக்கற மாதிரி," என்றான் கொழுந்தன்.

"இவர் சொல்றது சரிதான் மேடம்," என்றார் வீட்டுக்காரர், சற்று வருத்தத்தோடு.

அண்ணி ரோஸ் குடுவைக்குப் பக்கத்தில் இருந்த இன்னொன்றைப் பார்த்தாள். அதே பாத்திரம் கழுவின தண்ணீர் நிறம். "இது?"

"அதுவும் இதேதான். இன்னும் சொட்டு விடல. புரதம் மட்டும் இருந்தா நிறம் வராது. ரெட்டினால்னு ஒரு சரக்கு அதோட சேரணும். நம்ம கண்ணுக்குள்ள இருக்கறதும் இதேதான். இந்த லேப் பாக்டீரியாவுக்கு அதைத் தானாச் செய்யத் தெரியாது, நாமதான் கொடுக்கணும். அரை மணியில நிறம் ஏறிடும்."

"கல்யாணத்துக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி, கிளம்பின பின்னாடி," என்று இரண்டு குடுவையையும் மாற்றி மாற்றிக் காட்டினான் கொழுந்தன்.

அண்ணியின் மூக்கு நுனியில் வேர்த்தது. கொழுந்தனுக்கு அது தெரியும். ஏதோ ஒன்று பிடிபட்டுவிட்டால் அவளுக்கு முதலில் அங்கேதான் வேர்க்கும்.

"இப்ப தள்ளி நில்லுங்க," என்றாள் வீட்டுக்காரரிடம்.

"எதுக்கு மேடம்?"

"முதுகு குளிர்ந்துபோச்சு உங்களுக்கு. பத்து நிமிஷமா ஃப்ரீசரைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்கறீங்க."

மேல் தட்டில், வெள்ளித்தாள் சுற்றிய குட்டிப் பாட்டில் ஒன்று இருந்தது. தாளின் மேல் ஒரு துண்டு டேப். அதில் வட்ட வட்டமான கையெழுத்து. வீட்டுக்காரர் முகம் வெளிறியது. "அவ கொடுத்தது. டியூப் இல்ல மேடம், சத்தியமா! எங்க லேப்ல ரெட்டினால் தீர்ந்துபோச்சு. ஆர்டர் போட்டா வர ஆறு வாரம். பரிசோதனை பாதியில நிக்குது. அவகிட்டக் கேட்டேன், கொஞ்சம் ஊத்திக் கொடுத்தா. இவ்வளவுதான். ஆனா இது தெரிஞ்சா இதுக்கே அவ பேரை அடிச்சுடுவாங்க."

"பக்கத்து வீட்டுல சர்க்கரை கொடுத்ததுக்கா?" என்று கேட்டுக்கொண்டே கொழுந்தன் பாட்டிலை எடுத்து, ஆர்வம் தாங்காமல் தாளின் ஓரத்தை நகத்தால் நெம்பினான்.

"பிரிக்காதீங்க!" வீட்டுக்காரர் பாய்ந்து வந்ததில் விளக்கில் தலையை இடித்துக்கொண்டார்.

"ஏன், கூச்சப்படுமா?"

"வெளிச்சம் ஆகாது அதுக்கு!"

அண்ணி அந்தப் பாட்டிலை இரவல் கேட்டாள். வீட்டுக்காரர் கெஞ்சினார். வேறு வழியே இல்லாவிட்டால் மட்டும் வெளியே எடுப்பதாக அண்ணி வாக்குக் கொடுத்தாள். ஐஸ் போட்ட ஃப்ளாஸ்க்கில் அது கொழுந்தனின் பைக்குள் போயிற்று.

தெருவைக் கடக்கும்போது அண்ணி உற்சாகமாக இருந்தாள். "டியூப் திருடே போகல. புரொபசர் சொட்டு விட மறந்துட்டார். கையில குடுவை பிடிச்சு இருபது வருஷம் ஆன மனுஷன்."

"உப்பு போடாம சமைச்சுட்டு, அரிசியை யாரோ மாத்திட்டாங்கன்னு போலீஸைக் கூப்பிட்ட மாதிரி!"

மூன்று மணிக்குப் புரொபசர் அறையில் கூட்டம். பதிவாளர் அம்மா கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டு, படிவத்தை மேசையில் விரித்து, பேனாவையும் அதன் மேல் நேராக வைத்திருந்தாள். மாணவி கதவோரம் நின்றாள். அண்ணி நடுவில் வந்து, ரோஸ், ஆரஞ்சு, சொட்டு எல்லாவற்றையும் ஐந்தே வாக்கியத்தில் சொல்லி முடித்தாள்.

"ஆக, நீங்க ரெட்டினால் விட மறந்துட்டீங்க புரொபசர். அவ்வளவுதான் விஷயம்."

புரொபசர் சிரித்தார். அது மறந்துபோனவர் சிரிக்கிற சிரிப்பு இல்லை.

"மறந்தேனா? நேத்து காலையில, எண்ணிப் பதினஞ்சு சொட்டு. நானே விட்டேன். காவலாளி பாத்துக்கிட்டிருந்தான், கூப்பிட்டுக் கேளுங்க. சொட்டு விட்டும் நிறம் வரலைன்னா அர்த்தம் என்ன? உள்ள புரதமே இல்ல. டியூப்பை மாத்தியாச்சு. நன்றி மேடம், என் பக்க நியாயத்தை நீங்களே நிரூபிச்சுட்டீங்க."

அண்ணி வாயைத் திறந்தாள். மூடினாள். ஆறு கேஸில் இப்படி ஒன்றைக் கொழுந்தன் பார்த்ததில்லை. பதிவாளர் அம்மா பேனாவின் மூடியைத் திருகினாள். மாணவி எதையும் பிடித்துக்கொள்ளாமல் நின்றாள். பிடித்துக்கொள்ள அங்கே எதுவும் இல்லை.

பதற்றம் வந்தால் கொழுந்தனுக்குக் கை சும்மா இருக்காது. மேசை மேல் இருந்த வெள்ளி உருண்டையை எடுத்து மேலே போட்டுப் பிடித்தான். மறுபடி போட்டான். மூன்றாவது தடவை பிடிக்கவில்லை. அது உருண்டுபோய் அண்ணியின் செருப்பில் முட்டி நின்றது.

"வாயும் சும்மா இருக்காது, கையும் சும்மா இருக்காதா உனக்கு?" என்று குனிந்து எடுத்த அண்ணி, எடுத்ததைக் கொடுக்கவில்லை. உருண்டையின் மேல் ஒரு துண்டு டேப் துருத்திக்கொண்டிருந்தது. மிட்டாய்த் தாளில் டேப் எதற்கு?

அவள் மெதுவாக ஒரு மடிப்பைப் பிரித்தாள். ஒரு மிட்டாய்த் தாள். இன்னொரு மடிப்பு. கனமான வெள்ளித்தாள், ஒரு குட்டிப் பாட்டிலின் அடிப்பாகம் அளவுக்கு வட்டமாக வடு விழுந்தது. டேப்பில் வட்ட வட்டமான கையெழுத்து: 'இருட்டில் மட்டும் வைக்கவும்.'

"புரொபசர், இதை எதுலேர்ந்து உரிச்சீங்க?"

"எதை? அதுவா... ரெட்டினால் பாட்டில்லேர்ந்து."

"என்னிக்கு?"

"வெள்ளிக்கிழமை சாயங்காலம். வெளியே எடுத்து வச்சுக்கலாமேன்னு."

"எழுதியிருந்ததைப் படிக்கலியா?"

"லேபிள் படிக்கற வேலையெல்லாம் நான் விட்டு எத்தனையோ வருஷம் ஆச்சு மேடம், அதுக்கெல்லாம் பசங்க..." என்று ஆரம்பித்தவர், தான் எங்கே நடந்துபோய்க்கொண்டிருக்கிறோம் என்று பாதி வழியில் தெரிந்துகொண்டு நின்றார். தலை தானாக ஜன்னல் திட்டுக்குத் திரும்பியது. குடுவைக்குப் பக்கத்தில், உரித்த கோலத்தில், அந்தக் குட்டிப் பாட்டில். உள்ளே மஞ்சளாக இருந்திருக்க வேண்டியது தண்ணீராக வெளுத்திருந்தது.

"சனி, ஞாயிறு, ரெண்டு நாள் முழு வெயில்," என்றாள் அண்ணி. "வெளிச்சத்தைப் பிடிக்கற ஆராய்ச்சி பண்ற இடத்துல வெளிச்சத்தாலயே கெட்டுப்போன மருந்து. திங்கட்கிழமை நீங்க விட்டது பதினஞ்சு சொட்டு செத்த சரக்கு."

"இதெல்லாம் வாய்ப்பேச்சு," என்றாள் பதிவாளர் அம்மா. குரலில் விரோதம் இல்லை. கணக்காகப் பேசுகிறவள் அவள். "நல்ல மருந்து விட்டு நிறம் வந்தா நம்பறேன். வேற பாட்டில் இருக்கா?"

"அதுதான் கடைசி," என்றார் புரொபசர், ஈனஸ்வரத்தில்.

கொழுந்தனின் தோளில் பை திடீரென்று கல்லாகக் கனத்தது. வெளியே எடுத்தால் மாணவி திருடி இல்லை என்பது தெரியும். எங்கிருந்து வந்தது என்ற கேள்வியும் கூடவே வரும். எடுக்காவிட்டால் அந்தக் கேள்வி வராது, ஆனால் அவள் பேர் போய்விடும். அண்ணி வாக்குக் கொடுத்திருந்தாள். அவள் மாணவியைப் பார்த்தாள். மாணவி சுவரைப் பார்த்தாள், படிவத்தைப் பார்த்தாள், கடைசியில் கொழுந்தனின் பையைப் பார்த்தாள். பை வாயில் தலை நீட்டிக்கொண்டிருந்த புருஷனின் ஃப்ளாஸ்க் அவளுக்குத் தெரியாதா?

"எடுங்க சார்," என்றாள். "விதியை மீறினேன்னு அனுப்பட்டும். திருடின்னு அனுப்ப வேண்டாம்."

விளக்கை அணைத்து, திரையை இழுத்துவிட்டு, அவளே சொட்டு விட்டாள். நல்ல மஞ்சள். பிறகு அரை மணி நேரம் ஐந்து பேரும் ஒரு குடுவையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். பிரசவ வார்டு வாசல் மாதிரி இருக்கிறது என்று கொழுந்தன் முணுமுணுத்தான். போன வாரந்தான் அங்கே உட்கார்ந்துவிட்டு வந்த மாணவி, "அங்க நாற்காலி நல்லா இருந்துச்சு" என்றாள்.

முதலில் எதுவும் இல்லை. பிறகு கலங்கலில் ஒரு மங்கல். புரொபசர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பதிவாளர் அம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள். திரையை விலக்கினபோது குடுவைக்குள் சந்தேகத்துக்கு இடமில்லாத ஆரஞ்சு. ரோஸ் இல்லை. கொழந்தைகூடச் சொல்லும்.

"டியூப் அசல்தான்," என்றாள் பதிவாளர் அம்மா. பேனா படிவத்துக்கு மேலேயே நின்றது. "இந்த மருந்து எங்கேர்ந்து வந்துச்சு?"

மாணவி வாயைத் திறந்தாள். அதற்கு முன்னால் புரொபசர் தொண்டையைக் கனைத்தார்.

"நான்தான் எதிர் லேப்புக்குக் கொடுக்கச் சொன்னேன். அவசரம்னு கேட்டாங்க. வாய்வார்த்தையா அனுமதி கொடுத்தேன்."

"சார், இல்ல சார்..." என்று மாணவி ஆரம்பிக்க, அண்ணியின் செருப்பு அவள் கால் விரல் மேல் அழுத்தமாக வந்து உட்கார்ந்தது.

"எப்ப கொடுத்தீங்க?" என்றாள் பதிவாளர் அம்மா.

"போன மாசம்." புரொபசருக்கு நெற்றி வியர்த்தது. "செவ்வாய்க்கிழமை."

பதிவாளர் அம்மா அவரை நீண்ட நேரம் பார்த்தாள். முப்பது வருஷமாகப் படிவங்களில் பொய்யைப் படித்துப் பழகிய கண்கள். பிறகு காகிதத்தை நாலாக மடித்துக் கைப்பையில் போட்டாள். "அடுத்த தடவை எழுத்துல கொடுங்க. எதிர்ல இருக்கறவங்களையும் கேட்டு வாங்கச் சொல்லுங்க." எழுந்தவள் கதவருகே நின்று திரும்பினாள். "அழகாத்தான் இருக்கு அந்த ஆரஞ்சு."

அவள் போனதும் கொழுந்தன் அண்ணியின் காதில் கேட்டான். "போன மாசம் செவ்வாய்க்கிழமை. பச்சைப் பொய் அண்ணி. பிடிக்கலியா நீங்க?"

"இன்னிக்கு என் வேலை முடிஞ்சுபோச்சு தம்பி. பையை எடு."

புரொபசர் மாணவியிடம் எதையோ சொல்ல முயன்றார். மன்னிப்பு என்று ஆரம்பித்து, அக்காவுக்கு என்ன குழந்தை என்று முடித்தார். பெண் குழந்தை என்றாள் அவள். ரொம்ப சந்தோஷம் என்றார் அவர். நாலு வருஷத்தில் இருவரும் பேசிக்கொண்ட முதல் குடும்ப விஷயம் அதுவாகத்தான் இருக்கவேண்டும்.

பிறகு மாணவி ஜன்னலுக்குப் போய், குடுவையை இரண்டு கையாலும் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தாள். தெருவுக்கு அந்தப் பக்கம், மூன்று மணியிலிருந்து அங்கேயே நின்றிருந்த நெட்டை உருவம் ஒரு நொடி அசையாமல் இருந்தது. அப்புறம் குதித்தது.

"போச்சு," என்றான் கொழுந்தன். "மறுபடி இடிச்சுக்கிட்டார்."

மாணவி சிரித்துக்கொண்டே குடுவையை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கினாள்.